எங்கே ஓடுவது, எங்கே நிற்பது: கனமான வரலாற்று நூல்களுக்கு வேக வாசிப்பு

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலை ஆசையோடு வாங்கிப் பாதியில் மூடி வைத்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நூலிலும் குற்றமில்லை, வாசகர்களின் அறிவிலும் குறைவில்லை. முதல் பக்கத்தில் தொடங்கி எல்லாப் பக்கத்தையும் ஒரே நடையில் கடக்க முயல்வதுதான் சிக்கல். அந்த நூலின் முதல் அத்தியாயம் சான்றுகளைப் பற்றியது: கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு. அடுத்து சங்ககாலச் சோழர். அதற்கும் பின்னால், ஆதாரங்கள் அருகிப்போன இடைக்காலம். விஜயாலயன் தஞ்சாவூரைக் கைப்பற்றும் இடத்துக்கு வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. ராஜராஜனைப் பார்க்க வந்தவர் அவனைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்.

இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு நூலையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு தொகுதிகளாக 1935-இலும் 1937-இலும் ஆங்கிலத்தில் வெளிவந்து, 1955-இல் திருத்திய பதிப்பு கண்டு, பின்னர் தமிழிலும் வந்த நூல் அது. கனமான வரலாற்று நூலுக்குரிய எல்லாக் கடினங்களும் அதில் இருக்கின்றன: ஒரே பெயரில் பல அரசர்கள், ஆட்சியாண்டுக் கணக்குகள், ஊர்ப் பட்டியல்கள், பக்கத்தின் அடியில் நெருக்கி அச்சிட்ட குறிப்புகள், நடு நடுவே அறிஞர்களோடு வாதம். இதைப் படிக்கப் பழகிவிட்டால் மொகலாயர் ஆட்சி பற்றிய நூலோ பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலோ உங்களை மிரட்டாது.

வேக வாசிப்பு எதைத் தரும், எதைத் தராது

வேக வாசிப்பு என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ஈவ்லின் வுட். அமெரிக்க ஆசிரியையான இவர் 1959-இல் வாஷிங்டனில் ‘ரீடிங் டைனமிக்ஸ்’ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். விரலைப் பக்கத்தின் மேல் ஓடவிட்டு, சொல் சொல்லாகப் பார்க்காமல் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் பழக்குவது அவருடைய முறை. ஜான் கென்னடி நிமிடத்துக்கு 1,200 சொற்கள் படிப்பார் என்ற செய்தியும் அந்தக் காலத்தில்தான் பரவியது. ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோதே இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் கண்ணுக்கென்று ஓர் எல்லை இருக்கிறது. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிற்றலும் ஏறக்குறைய கால் வினாடி. அப்படி நிற்கும் புள்ளியைச் சுற்றியுள்ள சிறு பகுதியில்தான் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் சொல்லை எந்தப் பயிற்சியாலும் படித்துவிட முடியாது. கீத் ரேய்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதி 2016-இல் வெளியான விரிவான ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. வேகம் கூடினால் புரிதல் குறைகிறது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் நிமிடத்துக்கு 200 முதல் 400 சொற்கள் வரை புரிந்து படிக்கிறார். அதை மும்மடங்காக்கி, புரிதலையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வழி எதையும் அவர்கள் காணவில்லை.

இதற்கு முன்பே, 1980-களில், மார்செல் ஜஸ்ட், பட்ரீஷியா கார்ப்பென்டர் ஆகியோர் வேக வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களின் கண்ணசைவைக் கருவியால் அளந்தார்கள். எளிய கட்டுரையில் சாராம்சத்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள். கடினமான கட்டுரையிலும் நுணுக்கமான விவரங்களிலும் சறுக்கினார்கள். கண் நிற்காத இடத்தில் இருந்த விவரம் மனத்தில் ஏறவே இல்லை. வரலாற்று மாணவருக்கு இது முக்கியமான செய்தி. நமக்கு வேண்டிய ஆண்டும் பெயரும் ‘அல்ல’ என்ற மறுப்பும் அப்படி ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பவைதாம்.

அப்படியானால் வேக வாசிப்பை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? கூடாது. அதே ஆய்வுகள் வேறு இரண்டையும் காட்டுகின்றன. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து மேலோட்டமாகப் பார்ப்பது பயன் தரும் திறமை. முன்கூட்டியே தெரிந்த விஷயத்தை நாம் எல்லாருமே வேகமாகப் படிக்கிறோம். கனமான வரலாற்று நூலுக்கு நான் பரிந்துரைக்கும் முறை முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. வேகம் பக்கத்துக்குப் பக்கம், சில சமயம் பத்திக்குப் பத்தி மாற வேண்டும். எங்கே மாற்றுவது என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவை உங்கள் மேல் போட்டுப் பார்க்காதீர்கள். விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லில் வருவது நமக்கு ஒன்றில் வந்துவிடும். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், அதற்காக மனம் சோர வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். கதை சொல்லும் பக்கத்துக்கும் வாதம் செய்யும் பக்கத்துக்கும் தனித்தனியாக அளந்தால், உங்கள் வேகம் ஏற்கெனவே மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்பது தெரியும்.

முதல் சுற்று: படிக்காமல் பார்ப்பது

நூலைக் கையில் எடுத்ததும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த முக்கால் மணியில் எந்த அத்தியாயத்தையும் படிக்கக் கூடாது.

பதிப்பாண்டைப் பாருங்கள். வரலாற்று நூலுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வரி கிடையாது. 1955-இல் திருத்தப்பட்ட நூல் என்றால், அதற்குப் பின் படிக்கப்பட்ட கல்வெட்டுகளும் அதற்குப் பின் எழுந்த கேள்விகளும் இதில் இருக்காது. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூல், சோழ அரசைப் பற்றிய சாஸ்திரியின் சித்திரத்தையே மறுத்தது. வலிமையான மைய நிர்வாகமும் அதன் கீழ் துடிப்பான ஊராட்சியும் இணைந்து இயங்கிய அரசு என்பது சாஸ்திரியின் பார்வை. மன்னனின் மேலாண்மை பெரிதும் சடங்கு சார்ந்தது, நடைமுறை அதிகாரம் ‘நாடு’ என்ற வட்டார அலகுகளிடம்தான் இருந்தது என்றார் ஸ்டைன். எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பதவிப் பெயர்களையும் வரிப் பெயர்களையும் எண்ணி, அட்டவணைப்படுத்தி, இருவர் சித்திரத்தையும் சோதித்தார்கள்.

இதை முன்பே தெரிந்துகொள்வது வேகத்துக்கு எப்படி உதவும்? எந்தப் பக்கங்கள் சர்ச்சைக்குரியவை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அரசாங்கம், ஊராட்சி, வரி, நில உடைமை ஆகிய அத்தியாயங்களில்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். படையெடுப்புகளைச் சொல்லும் அத்தியாயங்களில் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் சாஸ்திரியோடு மோதியது குறைவு. அங்கே நீங்கள் ஓடலாம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். போர்களை வரி விடாமல் படித்துவிட்டு, வரி அத்தியாயம் வந்ததும் புரட்டிவிடுகிறோம்.

அடுத்து முன்னுரை, பொருளடக்கம், வம்சாவளி அட்டவணை, வரைபடம். பிறகு நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு. சொல்லடைவை ஏதாவது தேடும்போது மட்டும் திறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அதையே பத்து நிமிடம் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு எதிரே பக்க எண்கள் வரிசைகட்டி நிற்கின்றனவோ, அதுதான் நூலாசிரியரின் மனம் தங்கிய இடம். சபை, ஊர், நாடு, பிரமதேயம், தேவதானம் போன்ற சொற்களைச் சொல்லடைவில் பார்த்துவிட்டு உள்ளே போகிறவருக்கு அவை அந்நியமாக இருக்காது. தமிழில் வரும் வரலாற்று நூல்கள் பலவற்றில் சொல்லடைவே இல்லாதது பெரிய குறை. பதிப்பாளர்கள் மனம் வைத்தால் தீரக்கூடியது. அதுவரை, நூலின் கடைசி வெற்றுத் தாளில் நீங்களே பென்சிலால் எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இரண்டாம் வேலை: கண் இடறாமல் இருக்க ஒரு தாள்

கனமான வரலாற்று நூலில் நம்மைத் தாமதப்படுத்துவது நீளமான வாக்கியங்கள் அல்ல. ‘இது யார், எப்போது?’ என்ற இடறல்தான் தாமதத்துக்குக் காரணம். ஒவ்வொரு முறை இடறும்போதும் கண் பின்னுக்குப் போகிறது, சில சமயம் பத்துப் பக்கம் பின்னுக்கு. இதைத் தவிர்க்க, படிக்கத் தொடங்குமுன் ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோழருக்கு என்றால் இப்படி:

ஏறக்குறைய 850, விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றுகிறான். 907, முதலாம் பராந்தகன். 949, தக்கோலப் போர், ராஷ்டிரகூடரிடம் தோல்வி. 985, முதலாம் ராஜராஜன். 1010, தஞ்சைப் பெரிய கோயில். 1014, ராஜேந்திரன் தனியாட்சி. 1025, கடாரப் படையெடுப்பு. 1054, கொப்பம் போரில் ராஜாதிராஜன் களத்தில் மடிகிறான். 1070, முதலாம் குலோத்துங்கன். 1178, மூன்றாம் குலோத்துங்கன். 1216, மாறவர்மன் சுந்தர பாண்டியன் அரியணை ஏறுகிறான். 1279, மூன்றாம் ராஜேந்திரனோடு முடிவு.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணெதிரே இருந்தால் போதும். இதோடு இன்னொரு குறிப்பையும் அதே தாளில் எழுதுங்கள்: சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். ஆதித்தன் ராஜகேசரி, அவன் மகன் பராந்தகன் பரகேசரி, அடுத்தவன் மறுபடி ராஜகேசரி. இந்த ஒரு செய்தி தெரியாமல் சாஸ்திரியின் தொடக்க அத்தியாயங்களைப் படிப்பது பெரும்பாடு. அரசனின் சாதனைகளைக் கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தியாகப் பொறிக்கும் வழக்கம் ராஜராஜன் காலத்தில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய கல்வெட்டு பலவற்றில் ‘ராஜகேசரியின் இத்தனையாவது ஆண்டு’ என்று மட்டும் இருக்கும். அது எந்த ராஜகேசரி? இதைத் தீர்க்க எழுத்தமைதி, உடன் வரும் அதிகாரிகளின் பெயர், வானியல் குறிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து சாஸ்திரி பக்கம் பக்கமாக வாதிடுகிறார். பராந்தகன் மறைந்து ராஜராஜன் பட்டமேறும் வரையிலான முப்பது ஆண்டுகளைச் சொல்லும் அத்தியாயம் முழுவதும் இந்த வகைதான்.

அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். காலவரிசை ஆய்வு எப்படி நடக்கிறது என்று கற்க வந்தவர் என்றால் மெதுவாகப் படியுங்கள். இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சோழர் சமூகத்தை அறிய வந்தவர் என்றால், ஒவ்வொரு வாதத்தின் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். வாதம் புரியாமல் தாண்டிப் போவதற்கும், இது எதைப் பற்றிய வாதம் என்று தெரிந்து தாண்டிப் போவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதுதான் நுனிப்புல் மேய்வது.

பட்டியல்களுக்கும் இதே கதிதான். ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பை அவனுடைய மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது: கடாரம், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், நக்கவாரம் என்று நீளும். ஒவ்வொன்றும் இன்றைய எந்த இடம் என்று சாஸ்திரி பிற அறிஞர்களின் கருத்துகளோடு ஆராய்கிறார். முதல் வாசிப்பில் இந்தப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் என்ற மூன்று நிலப்பகுதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு, படையெடுப்புக்கு அவர் சொல்லும் காரணத்துக்குப் போங்கள். கீழைக் கடல் வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் இடைஞ்சல் செய்திருக்கலாம், அல்லது திக்விஜய ஆசை கடலைத் தாண்டியிருக்கலாம் என்கிறார். அங்கே நில்லுங்கள். மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்லவில்லை; காரணம் ஆசிரியரின் ஊகம். ஓரத்தில் ‘ஊகம்’ என்று பென்சிலால் குறியுங்கள். ஊர்ப் பட்டியலுக்கு இன்னொரு நாள் வரைபடத்தோடு திரும்பி வாருங்கள்.

பத்திக்குள் வேகத்தை மாற்றுவது

அத்தியாயத்துக்குள் நுழையுமுன் அதன் தலைப்பைக் கேள்வியாக்குங்கள். அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் மாணவர்களுக்காக வகுத்த ஐந்து படி முறையின் இரண்டாம் படி இது. நோட்டமிடுவது, கேட்பது, படிப்பது, சொல்லிப் பார்ப்பது, மீண்டும் பார்ப்பது என்று அது போகும். ‘ஊராட்சி’ என்ற தலைப்பை ‘ஊரில் யார் முடிவெடுத்தார்கள், யாருக்கு அதில் இடமில்லை?’ என்று மாற்றிக்கொண்டால், அத்தியாயத்தில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். சம்பவம் சொல்லும் பத்தி என்றால் பென்சில் முனையை வரியின் கீழ் சற்று விரைவாக ஓட்டிச் செல்லுங்கள். கண் அதைத் தொடரும், கவனம் சிதறாது. ஈவ்லின் வுட் முறையில் நமக்கு உண்மையாகவே உதவும் பகுதி இது. ‘ஆனால்’, ‘எனினும்’, ‘மாறாக’, ‘ஆகவே’, ‘எனக் கொள்ளலாம்’ என்ற சொற்கள் வந்ததும் பென்சில் நிற்க வேண்டும். வரலாற்றாசிரியர் சம்பவத்தை விட்டுவிட்டுத் தன் தீர்ப்பைச் சொல்லும் இடம் அதுதான்.

வேக வாசிப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் இரண்டு விதிகளை இங்கே தள்ளி வைத்துவிடுங்கள். ஒன்று, மனத்துக்குள் உச்சரிக்காதே என்பது. கடினமான உரையில் உள்ளே ஒலிக்கும் குரலை அடக்கினால் புரிதல் கெடுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. நமக்கு அதைவிட நேரான காரணமும் உண்டு: மும்முடிச்சோழன், கங்கைகொண்டசோழபுரம், சதுர்வேதிமங்கலம் போன்ற பெயர்களை வாய்விட்டு ஒரு முறை சொன்னால் அடுத்த முறை கண் தயங்காமல் கடக்கும். மௌனமாக விழுங்கினால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது விதி, பின்னால் திரும்பாதே என்பது. கவனம் சிதறித் திரும்புவது வேறு. புரியாததைச் சரிசெய்யத் திரும்புவது வேறு. பின்னதைத் தடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான். சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் மின்னவிடும் செயலிகள் வரலாற்று நூலுக்கு ஆகாது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்: அங்கே திரும்பிப் பார்க்க வழியே இல்லை.

அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். இரண்டாம் வாசிப்பில், நீங்கள் ஓரக்குறி இட்ட வாக்கியங்களுக்கு உரியவற்றை மட்டும் பாருங்கள். சாஸ்திரியின் அடிக்குறிப்புகளில் பெரும்பகுதி கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண்ணும் ஆண்டும்தான். அந்த எண்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கோயில் சுவரிலும் மையொற்றிப் படியெடுத்தவர்களின் உழைப்பு இருக்கிறது. ஒரு பெரிய முடிவுக்குக் கீழே ஒரே ஒரு கல்வெட்டு இருக்கிறதா, இருபது இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். முடிவின் பலத்தை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும்.

நிற்க வேண்டிய ஒரு பக்கம்: உத்திரமேரூர்

வேகமாகப் படித்தால் எது தவறிப்போகும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய சபையின் தீர்மானங்கள் அவை. சாஸ்திரியின் ஊராட்சி அத்தியாயத்துக்கு இவை முதுகெலும்பு.

ஓடிக்கொண்டே படிப்பவர் மனத்தில் தங்குவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழக ஊர்களில் தேர்தல் நடந்தது என்பது. மேடைகளிலும் பாடப்புத்தகச் சுருக்கங்களிலும் நாம் கேட்பதும் அதுதான். இப்போது மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டு கல்வெட்டுகள் ஏன்? இரண்டே ஆண்டு இடைவெளியில் விதிகள் மாறியிருக்கின்றன. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60; இரண்டாவதில் 35 முதல் 70. ஆக, முதல் ஏற்பாட்டில் ஏதோ சிக்கல் வந்திருக்கிறது, சபை திரும்பக் கூடித் திருத்தியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து படிப்பவருக்கு இந்த அசைவு தெரியாது. அடுத்து, தகுதி: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் சொந்த வீடு, வேதக் கல்வி. நிலம் அரைக்கால் வேலியே இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்குச் சலுகை உண்டு. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது வட்டங்களிலிருந்து, ஓலை எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கிறார்கள். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. தீர்மானத்தின்போது அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார்.

இந்த விவரங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். இது பிரமதேயம் என்னும், பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் பிராமண சபை. ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் கைவினைஞர்களுக்கும் இதில் இடமில்லை. எடுப்பது சீட்டு, இன்றைய பொருளில் வாக்கு அல்ல. அதே சமயம், கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்த விதியின் கூர்மை இன்றும் வியக்க வைக்கிறது. அதிகாரி உடனிருந்தார் என்ற ஒரு வரியில்தான் மைய அரசு எவ்வளவு தூரம் ஊருக்குள் நீண்டது என்ற பெரிய விவாதமே அடங்கியிருக்கிறது. இவை எல்லாம் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் வருபவை. அந்தப் பக்கங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் தகும். வேறு முப்பது பக்கங்களில் ஓடி மிச்சப்படுத்திய நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பது

வேகமாகப் படித்ததை வேகமாகவே மறப்போம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு மருந்து அடிக்கோடு இடுவதல்ல. ஜான் டன்லாஸ்கியும் மற்றவர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, அடிக்கோடிடுதல் பயன் குறைந்தவற்றின் வரிசையில்தான் வந்தது. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும் முன்வரிசையில் வந்தன. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவு வைத்திருந்ததை ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் காட்டினார்கள்.

நடைமுறையில் இது எளிது. உபதலைப்பு ஒன்று முடிந்ததும் நூலை மூடுங்கள். மூன்று வரி எழுதுங்கள்: ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எனக்கு எங்கே ஐயம். எழுத வரவில்லை என்றால் ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதிக்கு மட்டும் திரும்புங்கள். மறுநாள் காலை, நூலைத் திறக்குமுன், நேற்றைய மூன்று வரிகளைப் பார்க்காமல் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு பழக்கத்தை விடக்கூடாது. தேர்வறையில் கேட்கப்படுவது நினைவிலிருந்து எடுப்பதுதான், அடையாளம் கண்டு தலையாட்டுவது அல்ல.

எந்த நூலை முதலில், எதை அடுத்து

முன்னறிவுதான் வேகம் என்றால், படிக்கும் வரிசையும் ஒரு வேக வாசிப்பு நுட்பமே. சாஸ்திரிக்கு முன்னால் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ படிக்கப் பரிந்துரைப்பேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூன்று பகுதிகளாக வெளியிட்டது. அரசர் அரசராகத் தெளிந்த தமிழில் செல்லும் நூல் அது. அதை விரைவாக ஒரு முறை முடித்தவருக்கு சாஸ்திரியின் அரசியல் அத்தியாயங்களில் பெயர்க்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நேராக நிர்வாக அத்தியாயங்களுக்குக்கூடப் போகலாம். கனமான நூலை அது அச்சிட்டிருக்கும் வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சான்றுகள் பற்றிய முதல் அத்தியாயத்தைக் கடைசியில் படித்துப் பாருங்கள். அதுவரை அடிக்குறிப்புகளில் சந்தித்த செப்பேடுகளும் ஆண்டறிக்கைகளும் அப்போது அறிமுகமானவையாக வந்து நிற்கும், பக்கங்கள் தாமாகவே விரையும்.

சாஸ்திரிக்குப் பின் கராஷிமா. அவருடைய கட்டுரைகளில் வேகம் மறுபடி வேறு விதமாக இருக்க வேண்டும். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிராமணர் அல்லாதாரின் ஊரிலும் பிரமதேயத்திலும் நிலம் யார் கையில் எப்படி இருந்தது என்று ஒப்பிடுகிறார். இங்கே ஓடக்கூடிய கதைப் பக்கமே கிடையாது. முதலில் அட்டவணையைப் பாருங்கள். நிலத்தை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்ற பத்திகளை விரலால் தொட்டுப் படியுங்கள். அதிலிருந்து உங்கள் முடிவை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் பிறகு கட்டுரையைப் படித்து அவருடைய முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.